‘புட் ஓஃப்’பா, ‘கோல் ஓஃப்’பா?

நிலாவெளி விடுதிகளில் வேலை செய்பவர்கள் ஆங்கிலத்தில் முதலில் பிரித்தறிய வேண்டிய இரட்டைச்சொல் வினைகள் இவை இரண்டும். கடல் கொந்தளித்து, புறாத்தீவுப் படகுப் பயணத்தை நாளைக்கு ஒத்திவைத்தால் ‘புட் ஓஃப்’. அடியோடு கைவிட்டால் ‘கோல் ஓஃப்’. மாற்றிச் சொன்னால் விருந்தினர் காசைத் திருப்பிக் கேட்பார்.

‘ஓஃப்’புக்கு ஒரே பொருள் தேடாதீர்கள். கோணேஸ்வரத்தில் செருப்பைக் கழற்றுவதும் ‘டேக் ஓஃப்’, சீனக்குடாவில் விமானம் மேலெழுவதும் ‘டேக் ஓஃப்’. ஆகவே முழு வசனமாகவே எழுதிப் படியுங்கள். நாளுக்கு மூன்று போதும்.

அதிகம் சறுக்குவது ‘இட்’ வைக்கும் இடத்தில். ‘புட் இட் ஓஃப்’ சரி, ‘புட் ஓஃப் இட்’ பிழை. ‘ட்ரிப்’ போன்ற பெயர்ச்சொல் நடுவிலும் வரும், கடைசியிலும் வரும். ஆனால் ‘லுக் ஆஃப்டர்’ போன்ற சில பிரியாது: ‘லுக் ஆஃப்டர் இட்’ என்றே வரும். அகராதியில் நடுவே ‘சம்திங்’ போட்டிருந்தால், அது பிரியும் வகை.