தின்ன அடம்பிடிக்கும் பூனைக்குச் சர்க்கரை நோய்: முதலில் தட்டு, பிறகு ஊசி

டாக்டர் நோயை உறுதி செய்துவிட்டார் என்ற இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கிளினிக்கில் எடுத்த ஒரே ஒரு சுகர் அளவை வைத்து உறுதி என்று சொல்லிவிட முடியாது. கூடையில் அடைத்து, ஆட்டோவில் கொண்டுபோய், மேஜைமேல் அமுக்கிப் பிடித்தால் நோயில்லாத பூனைக்கே ரத்தச் சர்க்கரை 300-ஐத் தொடும். முந்தைய ஒன்றிரண்டு வாரத்தின் நிலவரத்தைக் காட்டும் ஃப்ரக்டோசமின் பரிசோதனையும் சிறுநீரில் சர்க்கரை உண்டா என்பதும் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். பார்க்கவில்லையென்றால் இன்சுலின் வாங்கும் முன் அதைக் கேளுங்கள். அரிப்புக்கோ வாய்ப்புண்ணுக்கோ ஸ்டீராய்டு போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். சில பூனைகளுக்குச் சுகர் ஏறியதே அதனால்தான்.

இனி வேலை.

1. சிரிஞ்சு: பாதிப் பேர் சறுக்கும் இடம்

பூனைக்கு நம் ஊர் டாக்டர்கள் பெரும்பாலும் எழுதுவது மனிதர்களுக்கான கிளார்ஜின் என்ற இன்சுலின். அது ஒரு மில்லிக்கு 100 யூனிட், அதாவது யூ-100. ஆனால் இந்திய மெடிக்கல் ஷாப்புகளில் மனிதர்களுக்கான யூ-40 இன்சுலின் குப்பிகளும் தாராளமாக விற்கின்றன, அதற்கான யூ-40 சிரிஞ்சும் விற்கிறது. “இன்சுலின் சிரிஞ்சு கொடுங்க” என்று மட்டும் கேட்டால் கைக்கு எது வருகிறதோ அதைத்தான் கொடுப்பார்கள்.

யூ-40 சிரிஞ்சின் மூடி சிவப்பு, யூ-100 சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒழிய வித்தியாசம் தெரியாத நிறங்கள், எனவே மூடியை நம்பாமல் சிரிஞ்சின் உடம்பில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். மாறினால் என்ன ஆகும்? யூ-40 சிரிஞ்சில் ஒரு கோடு என்பது 0.025 மில்லி. அதில் கிளார்ஜினை ஒரு கோடு ஏற்றினால் பூனைக்குப் போவது 1 யூனிட் அல்ல, 2.5 யூனிட். பூனைக்கு ஆரம்ப அளவே 12 மணி நேரத்துக்கொரு முறை சுமார் 1 யூனிட்தான். நேர்மாறாக, யூ-40 இன்சுலினை யூ-100 சிரிஞ்சில் 1 யூனிட் கோடுவரை எடுத்தால் 0.4 யூனிட்தான் போகும். “மருந்து வேலை செய்யலையே” என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள், பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்சு கைக்கு வரும். அன்றைக்குத்தான் ஆபத்து.

வாங்க வேண்டியது: யூ-100, 0.3 மில்லி, அரை யூனிட் கோடு உள்ளது, 8 மி.மீ. ஊசி. எல்லாக் கடையிலும் வைத்திருக்கமாட்டார்கள், சொல்லிவைத்து வாங்குங்கள். 1 மில்லி சிரிஞ்சில் அரை யூனிட்டைக் கண்ணால் பிரிப்பது நடக்காத காரியம். பேனா வசதிதான், ஆனால் வழக்கமான பேனா ஒவ்வொரு யூனிட்டாகத்தான் நகரும், அரை யூனிட் வராது. பூனைக்கு அரை யூனிட்தான் உயிர்நாடி என்பதால் என் ஓட்டு குப்பிக்கும் சிரிஞ்சுக்கும்தான்.

பின்னர் சேர்த்தது: கிளார்ஜின் யூ-300 பேனாவிலும் வருகிறது. மருந்துப் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றி வாங்கிவிடாதீர்கள். கிளார்ஜினை வேறு இன்சுலினோடு கலக்கவோ தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யவோ கூடாது. குப்பியை ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரை ஒட்டி வேண்டாம். உறைந்த மருந்து, கலங்கிய மருந்து இரண்டும் குப்பைக்கு.

2. தீனி: பெட்டியின் பின்பக்கத்தைக் கணக்குப் போடுவது

பால்சோறு, மீன்சோறு இரண்டும் நிற்க வேண்டும். சுகர் உள்ள பூனைக்குச் சோறுதான் சிக்கல், மீன் அல்ல. கலோரியில் மாவுச்சத்து சுமார் 12 சதவீதத்துக்குள் இருக்கும் ஈரத் தீனிதான் இலக்கு. உலர் தீனியில் அது கிடைப்பது அரிது, ஏனென்றால் மாவில்லாமல் அந்தக் குருணை உருண்டு நிற்காது.

கணக்கு இப்படி. 100-இலிருந்து புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் ஐந்தையும் கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. சாம்பல் அச்சிடப்படவில்லையென்றால் ஈரத் தீனிக்கு 2, உலர் தீனிக்கு 8 என்று வையுங்கள். பிறகு புரதத்தை 3.5-ஆல், கொழுப்பை 8.5-ஆல், மாவை 3.5-ஆல் பெருக்குங்கள். உதாரணமாக ஒரு பவுச்சில் புரதம் 10, கொழுப்பு 5, நார் 0.5, ஈரம் 80 என்றால் மாவு 2.5. கலோரி 35 + 42.5 + 8.75, மொத்தம் 86. அதில் மாவின் பங்கு 10 சதவீதம், பரவாயில்லை. உலர் தீனி ஒன்றில் புரதம் 32, கொழுப்பு 12, நார் 4, ஈரம் 10 என்றால் மாவு 34, கலோரியில் அதன் பங்கு 36 சதவீதம். பெட்டியில் இருப்பவை குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற எண்கள்தான், எனவே விடை தோராயம். ஆனாலும் 10-க்கும் 36-க்கும் உள்ள தூரம் தோராயத்தில் மறையாது. ஒரே கம்பெனியில் “கிரேவி” என்று எழுதியதைவிட கூழாக அரைத்த வகையில் மாவு குறைவாக இருக்கும். கிரேவி கெட்டியாவது மாவால்தான்.

தீனியை மாற்றும்போதே இன்சுலின் தேவையும் இறங்கும், சில நாட்களிலேயே இறங்கலாம். பழைய தீனிக்கு நிர்ணயித்த அளவைப் புதுத் தீனியிலும் போட்டுக்கொண்டிருந்தால் சுகர் தரைதட்டும். மாற்றத் தொடங்கும் தேதியை டாக்டருக்குச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

3. அடம்பிடிப்பதை எப்படிக் கையாள்வது

“பசித்தால் தானாகத் தின்னும்” என்பது நாய்க்குச் செல்லும், பூனைக்குச் செல்லாது. இரண்டு மூன்று நாள் தின்னாத பூனைக்கு, குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கிவிடும். சுகரைவிட அவசரமான நோய் அது. ஆகவே ஒரே ஒரு விதி: சரியான தீனியைத் தின்னவில்லையென்றால் தின்னும் தீனியைக் கொடுங்கள். உலர் தீனி மட்டுமே தின்னும் பூனையை உலர் தீனியோடேயே வைத்து இன்சுலினைச் சரிக்கட்டலாம். தின்னாத பூனையை எதைக்கொண்டும் சரிக்கட்ட முடியாது.

மாற்றம் மெதுவாக நடக்கட்டும். முதல் நான்கைந்து நாள் புதுத் தீனி ஒரு டீஸ்பூன், தனித் தட்டில், பழைய தட்டுக்குப் பக்கத்தில். கலக்கவே வேண்டாம். கலந்தால் இரண்டையும் வெறுக்கும். முகர்ந்துவிட்டுப் போனாலும் முன்னேற்றம்தான். பிறகு பழைய உலர் தீனியை மிக்ஸியில் பொடித்து ஈரத் தீனிமேல் ஒரு சிட்டிகை தூவுங்கள். நக்க ஆரம்பித்ததும் மூன்று நான்கு நாளுக்கொரு முறை பழையதில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும்.

பூனைக்கு இனிப்பு தெரியாது, நாக்கில் அதற்கான வசதியே இல்லை. அது தேர்ந்தெடுப்பது மூக்கால். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைத்தால் வாசனை எழாது. கிண்ணத்தை வெந்நீரில் இரண்டு நிமிடம் நிறுத்தி, கையில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்படி கொடுங்கள். மைக்ரோவேவில் சில இடம் கொதித்துவிடும், நாக்கு சுட்டால் அந்தத் தீனியின் கதை அன்றோடு முடிந்தது. தட்டு அகலமாகவும் தட்டையாகவும் இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குமேல் வைத்ததை எடுத்துவிடுங்கள்.

மேலே தூவ: உப்பு போடாமல் வேகவைத்த மத்தித் துணுக்கு, கோழி வெந்த தண்ணீர் இரண்டு ஸ்பூன், உப்பில்லாத நெத்திலிக் கருவாட்டுப் பொடி ஒரு சிட்டிகை. வெங்காயமும் பூண்டும் பட்டிருக்கவே கூடாது, அவை பூனையின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். மீன் குழம்பைக் கழுவிவிட்டுக் கொடுப்பதும் அதே தவறுதான். வெறும் வேகவைத்த கோழி ஒரு வாரத்துக்கு ஓடும், ஆனால் சுண்ணாம்புச் சத்து கிடையாது, பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தும் போதாது. நிரந்தரத் தீனியாக்க வேண்டாம்.

நேற்றுவரை தின்றதை இன்று திடீரென ஒதுக்கினால் அதை அடம் என்று நினைக்காதீர்கள். பல்வலி, கணைய வீக்கம், சிறுநீரகக் கோளாறு, குமட்டல் என்று தேட வேண்டும். தட்டருகே வந்து முகர்ந்து, உதட்டை நக்கி, திரும்பிப் போனால் அது பெரும்பாலும் குமட்டல். குமட்டலுக்கு மாரோபிடன்ட், பசிக்கு மிர்டசாபின் என்று டாக்டரிடம் மருந்துகள் உண்டு. பசியைத் தூண்டும் இன்னொரு மருந்தான கேப்ரோமோரெலின் சுகரை ஏற்றும், பசி எடுக்கட்டும் என்று போடும் ஸ்டீராய்டும் அப்படியே. இரண்டில் எதை எழுதினாலும் “சுகர் இருக்கிறதே” என்று ஞாபகப்படுத்துங்கள்.

4. ஊசி: தட்டைப் பார்த்த பிறகு

கிளார்ஜின் மெதுவாக வேலை செய்யும் மருந்து. சாப்பாட்டோடு நிமிடக் கணக்கில் பொருத்த வேண்டியதில்லை, தீனியை நான்கைந்து சிறு வேளையாகவும் பிரிக்கலாம். ஆனாலும் ஊசி நேரத்தில் ஒரு தட்டு வையுங்கள், அது நமக்கு அடையாளம். முழுவதும் தின்றால் முழு அளவு. பாதி தின்றால் பாதி அளவு. தொடவேயில்லை அல்லது கக்கிவிட்டது என்றால் ஊசி வேண்டாம், டாக்டருக்கு போன். இந்த மூன்று வரியையும் உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே பேசி, அவர் சொல்லும் எண்ணோடு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். இரவு பதினொரு மணிக்கு அவரை எழுப்பிக் கேட்க முடியாது.

பிடரியில் போடாதீர்கள், அங்கே மருந்து சரியாக உறிஞ்சப்படாது. விலாப் பக்கம், இடுப்புக்கு முன்னால், தோலைக் கூடாரமாகத் தூக்கி, அடிவாரத்தில் குத்துங்கள். தினமும் இடம் மாற்றுங்கள். எடுத்தபின் மயிரைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்து மருந்து வாடை வந்தால் ஊசி மறுபக்கம் வெளியே வந்துவிட்டது என்று பொருள். எவ்வளவு போனது என்று தெரியாததால் மறுபடி போடக் கூடாது. வீட்டில் இரண்டு பேர் இருந்து “நீ போட்டியா, நான் போட்டேனா” என்று சந்தேகம் வந்தாலும் அதே விதி. ஒரு வேளை ஊசி தவறினால் பூனைக்கு ஒன்றும் ஆகாது, இரண்டு முறை போனால் ஆகும்.

5. அளப்பது

காதின் ஓரத்தில் ஓடும் ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் குத்தினால் ஒரு துளி வரும். வராவிட்டால் சாக்ஸில் அரிசி போட்டுச் சூடுபண்ணி, நம் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, காதில் அரை நிமிடம் வையுங்கள். மனித குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அது தெரிந்து பயன்படுத்தினால் போதும், நடுவில் மீட்டரை மட்டும் மாற்றாதீர்கள். செல்லப்பிராணிகளுக்கான ஆல்ஃபாட்ராக் மீட்டர் கிடைத்தால் நல்லது. தோளில் ஒட்டி, சுகரைத் தொடர்ந்து அளக்கும் லிப்ரே சென்சார் 14 நாளுக்கானது, பூனை அதற்கு முன்பே பிய்த்துப்போடுவது சகஜம். அது குறைவு என்று காட்டினால் ரத்தத்திலும் ஒருமுறை பாருங்கள்.

ஊசிக்கு முன் 200-க்குக் கீழ் இருந்தால், புதிதாக ஆரம்பித்தவர் ஊசியை நிறுத்திவைத்துவிட்டு டாக்டரைக் கேட்பது நல்லது. வாரம் ஒருநாள், ஊசி போட்டதிலிருந்து 12 மணி நேரம், இரண்டு மணிக்கொரு முறை அளந்து எழுதுங்கள். மிகத் தாழ்ந்த எண் 80-க்கும் 150-க்கும் நடுவில் விழ வேண்டும். ஒரே நாள் உயர்ந்த எண்ணைப் பார்த்து அளவைக் கூட்டாதீர்கள். கிளார்ஜின் நிலைபெற ஐந்தாறு நாள் பிடிக்கும், மாற்றுவதும் அரை யூனிட்டாக.

6. தாழ்ந்துவிட்டால்

60-க்குக் கீழ், அல்லது தள்ளாட்டம், வெறித்த பார்வை, நடுக்கம். தின்னும் நிலையில் இருந்தால் இத்தனை நாள் ஒதுக்கிய கிரேவிப் பவுச்சை உடனே கொடுங்கள். இதற்காகவே வீட்டில் இரண்டு வைத்திருங்கள். தின்னாவிட்டால் தேனோ, குளுக்கோஸ் பொடியைக் குழைத்ததோ விரலில் எடுத்து ஈறில் தடவுங்கள், வாய்க்குள் ஊற்ற வேண்டாம். வலிப்பு வந்தால் விரலை உள்ளே விடாமல் உதட்டோரம் தடவிக்கொண்டே கிளினிக்குக்குப் புறப்படுங்கள். தெளிந்துவிட்டாலும் போய்ப் பாருங்கள், இன்சுலின் இன்னும் உடம்பில் இருக்கும்.

மாத்திரை போதாதா?

பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரை 2022-இலும் வெலாகிளிஃப்ளோசின் திரவம் 2023-இலும் அமெரிக்காவில் பூனைக்கு அனுமதி பெற்றன. ஊசி இல்லை என்பது கவர்ச்சிதான். ஆனால் ஒழுங்காகத் தின்னாத பூனைக்கு இவை பொருந்தா. சுகர் சாதாரணமாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) ஏறி உயிராபத்து வரும், மீட்டர் எச்சரிக்காது. ஏற்கெனவே இன்சுலின் போட்ட பூனைக்கும் இவற்றைக் கொடுக்கக் கூடாது.

இன்சுலினில் இருந்தாலும் கீட்டோன் ஸ்ட்ரிப் ஒரு டப்பா வாங்கிவையுங்கள். சிறுநீர் பிடிக்க, கழுவிக் காயவைத்த மீன்தொட்டிக் கூழாங்கல்லை மணலுக்குப் பதில் பூனை கழிக்கும் தட்டில் பரப்பினால் சிறுநீர் அடியில் தேங்கும், சிரிஞ்சால் உறிஞ்சலாம். தின்னாத நாளில் கட்டாயம் பாருங்கள். ஸ்ட்ரிப் நிறம் மாறி, பூனையும் சோர்ந்து கக்கினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆரம்ப மாதங்களில் எண்கள் தாமாக இறங்கிக்கொண்டே வந்து இன்சுலினே வேண்டாம் என்ற நிலையைச் சில பூனைகள் எட்டும். அப்போதும் அளவை அரை அரை யூனிட்டாக டாக்டர்தான் குறைக்க வேண்டும். நின்ற பிறகு பழைய உலர் தீனிக்குத் திரும்பாமல், வாரம் ஒருமுறை காதில் ஒரு துளி எடுத்துப் பார்த்துக்கொண்டிருங்கள்.