கைமாறிய மடக்குக் கத்தி நிறுவனத்தின் தரத்தைச் சோதிப்பது எப்படி?

பழம்பெருமை வாய்ந்த மடக்குக் கத்தி நிறுவனம் ஒன்று கைமாறினால், விற்கப்பட்டது பெயர் மட்டுமா, பட்டறையும் தொழிலாளர்களும் சேர்ந்தா என்பதை முதலில் விசாரியுங்கள். 1993இல் லைட்டர் செய்யும் ஸிப்போ நிறுவனம், கேஸ் என்ற அமெரிக்க மடக்குக் கத்தி நிறுவனத்தை வாங்கிய பிறகும் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டு நகரிலேயே உற்பத்தி தொடர்ந்தது; ஆனால் 2004இல் இம்பீரியல் ஷ்ரேட் என்ற மற்றொரு கத்தி நிறுவனம் தன் நியூயார்க் ஆலையை மூடியபின், அப்பெயரை வாங்கியவர்கள் கத்திகளைச் சீனாவில் செய்வித்தார்கள். எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்தத் தெரிந்த கைகள் கலைந்துபோவதே பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து.

அலகு பிடியோடு சேரும் அடிப்பகுதியில் உள்ள முத்திரை, கத்தி எந்தக் காலத்தது என்பதைக் காட்டும். கேஸ் கத்திகளில் 1970 முதல் பெரும்பாலும் அங்குள்ள புள்ளிகள் ஆண்டைக் கணிக்க உதவுகின்றன.

பிறகு கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். முதுகு வில்லுக்கும் (அலகைத் திறந்த நிலையிலும் மடித்த நிலையிலும் இறுக்கிப் பிடிக்கும் எஃகுப் பட்டை) பிடியின் உட்புறப் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரிந்தால், பொருத்தும் வேலையில் அவசரம் நுழைந்துவிட்டது என்று பொருள். அலகை முழுவதும் திறந்து பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. திறந்த நிலையில் முதுகின் மேல் நகத்தை ஓட்டினால், அலகும் வில்லும் சேரும் இடத்தில் அது தட்டாமல் செல்ல வேண்டும்.

கார்பன் எஃகிலிருந்து துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியதை மட்டுமே தரக்குறைவாகக் கருதாதீர்கள். பதம் தவறினால்தான் வெட்டும் விளிம்பு விரைவில் மழுங்கும், அல்லது பொடிந்து உதிரும். விற்பனைக்கு முந்தைய ஆண்டுகளின் கத்திகளையும் இதே கண்டிப்புடன் பாருங்கள், ஏனெனில் பணமுடையில் தவித்த பழைய நிர்வாகமே செலவைக் குறைக்கத் தொடங்கியிருக்கக்கூடும்.