மழை ஜாக்கெட் ஒழுகுகிறதா? புதிது வாங்கும் முன் செய்ய வேண்டியவை

தூண்டில் போடுபவர்களும் பறவை பார்க்கக் காடு மேடு அலைபவர்களும் சொல்லும் புகார் ஒன்றுதான்: "நல்ல விலை கொடுத்து வாங்கிய ஜாக்கெட், இரண்டே வருஷத்தில் ஒழுக ஆரம்பித்துவிட்டது." இப்படிச் சொல்லப்படும் ஜாக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஓட்டை எதுவும் இருக்காது. துணி அழுக்கேறி நீரை உதறும் திறனை இழந்திருக்கும். அதைத் துவைத்துச் சூடு காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி மழையில் எந்த ஜாக்கெட்டும் காப்பாற்றாது. நீலகிரியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாமல் அடிக்கும் சாரலுக்கும் குளிர்காற்றுக்கும் சரியாகப் பராமரித்த ஜாக்கெட் ஒன்று போதும்.

மூச்சுவிடும் ரக ஜாக்கெட்டின் துணியில் அடுக்குகள் உண்டு. வெளியே நைலான் அல்லது பாலியெஸ்டர். அதன் உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுதான் நீரைத் தடுக்கிறது. 1969-இல் ராபர்ட் கோர் டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென இழுத்து நீட்டியபோது கிடைத்த நுண்துளைச் சவ்வு, 1976-இல் கோர்-டெக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதன் துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவு சிறியவை, நீராவி வெளியேறும் அளவு பெரியவை. வெளித்துணியின் மேல் நீர் விலக்கிப் பூச்சு ஒன்றும் இருக்கும். மழைத்துளி சேப்ப இலையில் உருளுவது போல உருண்டு ஓடுவது இந்தப் பூச்சால்தான்.

பூச்சு தேய்ந்தாலோ அழுக்கால் மூடப்பட்டாலோ வெளித்துணி நீரை உறிஞ்சி ஊறிப்போகும். சவ்வு அப்போதும் நீரை உள்ளே விடாது. ஆனால் ஊறிய துணி உடம்பு நீராவி வெளியேறும் வழியை அடைத்துவிடுகிறது, ஜாக்கெட்டையும் குளிர வைக்கிறது. வியர்வை உட்புறத்தில் குளிர்ந்து துளித்துளியாகப் படிகிறது. போட்டிருப்பவருக்கு அது ஒழுகல் போலவே தெரியும்.

எங்கே நனைகிறது என்று முதலில் பாருங்கள்

ஜாக்கெட்டை ஹேங்கரில் மாட்டி, ஸ்ப்ரே பாட்டிலில் குளிர்ந்த நீர் எடுத்துத் தோள், முன்கை, முக்காட்டின் உச்சி மூன்றிலும் அடியுங்கள். துளிகள் உருண்டால் பூச்சு நன்றாக இருக்கிறது. துணி கறுத்துத் திட்டுத்திட்டாக ஊறினால் பூச்சு வேலை செய்யவில்லை.

அடுத்து சவ்வு. சந்தேகமான இடத்தை, வெளிப்புறம் மேலே இருக்கும்படி ஒரு கிண்ணத்தின் மேல் குழிபோல அமர்த்தி, ஒரு டம்ளர் நீர் ஊற்றுங்கள். கிண்ணத்துக்குள் காய்ந்த டிஷ்யூ காகிதம் துணியின் உட்புறத்தைத் தொட்டபடி இருக்கட்டும். அரை மணி நேரம் கழித்து விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். டிஷ்யூ காய்ந்தே இருந்தால் சவ்வில் ஓட்டை இல்லை.

பிறகு ஜாக்கெட்டைத் திருப்பித் தையல்களைப் பாருங்கள். ஒவ்வொரு தையலின் மேலும் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். பை வார் அழுத்தும் தோள்பட்டை, அக்குள், முக்காடு கழுத்தோடு சேரும் இடம் ஆகியவற்றில்தான் அது முதலில் உரியும். ஓரம் தூக்கியிருக்கும், அல்லது நடுவே கொப்புளம் விட்டிருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கை நனைகிறது என்றால் காரணம் வேறு. தூண்டில் வீசும்போதும் மீனைத் தூக்கும்போதும் கை மேலே போகிறது, மணிக்கட்டில் இறங்கும் நீர் நேராக முழங்கை வரை ஓடுகிறது. உள்ளே போட்ட பருத்திச் சட்டையின் கை ஜாக்கெட்டுக்கு வெளியே ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தாலும் போதும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அது நீரை இழுத்து அக்குள் வரை கொண்டுபோகும். கழுத்துப் பட்டியிலும் இதே கதைதான். சட்டைக் கையை உள்ளே மடித்துவிட்டு மணிக்கட்டுப் பட்டையை இறுக்குங்கள். தூண்டில்காரர்களுக்கென்று தைக்கும் ஜாக்கெட்டுகளில் மணிக்கட்டுக்குள் நியோபிரீன் என்ற ரப்பர் போன்ற துணியில் வளையம் ஒன்று வைப்பது இதற்காகத்தான். வாங்கும்போது வேறெதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள்.

துவைப்பது

மீனின் வழவழப்பு, இரையின் கொழுப்பு, சன்ஸ்கிரீன், கழுத்து வியர்வை எல்லாம் பூச்சின் மேல் படிகின்றன. இப்போது வரும் ஃபுளோரின் இல்லாத பூச்சுகள் நீரை நன்றாக விலக்கும், எண்ணெயை விலக்காது. ஆகவே பழைய ஜாக்கெட்டுகளைவிடப் புதியவற்றை அடிக்கடி துவைக்க வேண்டும். "துவைத்தால் வாட்டர்ப்ரூஃப் போய்விடும்" என்ற பயம்தான் நிறைய நல்ல ஜாக்கெட்டுகளைக் கெடுத்திருக்கிறது.

முதலில் உள்ளே இருக்கும் லேபிளைப் படியுங்கள். பொதுவாக 40 டிகிரிக்கு மிகாத வெதுவெதுப்பான நீர் ஏற்றது. வெப்பமானி இல்லாவிட்டால், சமவெளியில் 5 லிட்டர் குழாய்நீருக்குக் கொதிநீர் 1 லிட்டர் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். ஊட்டிக் குளிரில் 2 லிட்டர் வேண்டியிருக்கும். கலந்து முடித்த பிறகே ஜாக்கெட்டைப் போடுங்கள், துணியின் மேல் கொதிநீர் ஊற்றக் கூடாது.

பைகளைக் காலி செய்து ஜிப்புகளையும் ஒட்டுப்பட்டைகளையும் (வெல்க்ரோ) மூடுங்கள். மூடாத ஒட்டுப்பட்டை துவைக்கும்போது துணியையே பிராண்டிவிடும். சாதாரண சோப்புத்தூள் வேண்டாம், அதன் மிச்சம் துணியில் தங்கி நீரை ஈர்க்கும். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள், அது பூச்சின் மேல் படலமாகப் படிந்துவிடும். ப்ளீச்சும் கூடாது. வெளிப்புற உடைகளுக்கென்று விற்கும் திரவம் நல்லது. நிக்வாக்ஸ் போன்றவற்றில் ஒரு ஜாக்கெட்டுக்கு 100 மில்லி அளவில் போதும், பாட்டிலில் எழுதியிருப்பதே கணக்கு. அது கிடைக்காவிட்டால் நிறமோ மணமோ சேர்க்காத திரவ டிடர்ஜென்ட்டைக் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுத்துப் பட்டி, மணிக்கட்டு இரண்டையும் மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். மற்ற இடங்களை நீரில் அமுக்கி அமுக்கி எடுத்தால் போதும். பிறகு அலசுங்கள். நுரை முற்றிலும் போன பிறகும் இன்னொரு முறை அலசுங்கள். உப்பு கலந்த போர்வெல் நீர்தான் வீட்டில் வருகிறது என்றால் கடைசி அலசலுக்கு மழைநீரோ கேன் நீரோ பயன்படுத்துவது வீண்செலவு அல்ல. முறுக்கிப் பிழிவது தவறு. அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடக்கூடும். அகலமான ஹேங்கரில் மாட்டி நிழலில் நீர் வடிய விடுங்கள்.

நம் வீடுகளில் பலரும் தவறவிடும் அடுத்த படி, சூடு காட்டுவது. துவைத்த பூச்சு வெப்பத்தில்தான் மறுபடி நிமிர்ந்து நிற்கும். டிரையர் இருந்தால் ஜாக்கெட் காய்ந்த பிறகு மிதமான சூட்டில் 20 நிமிடம். இல்லாவிட்டால் இஸ்திரிப் பெட்டியே போதும்: நீராவியை நிறுத்தி, மிகக் குறைந்த சூட்டில் வைத்து, ஜாக்கெட்டின் மேல் பழைய வேட்டித் துணி விரித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் மெதுவாக நகர்த்துங்கள். ஜிப், ரப்பர் எழுத்து, ஒளிரும் பட்டை மேல் படக் கூடாது. லேபிளில் இஸ்திரிப் படத்தின் மேல் குறுக்குக் கோடு இருந்தால் இதைச் செய்யாதீர்கள்.

ஆறியதும் மறுபடி நீர் அடித்துப் பாருங்கள். துளி உருண்டால் வேலை முடிந்தது. இன்னும் ஊறினால்தான் புதுப் பூச்சு தேவை. ஸ்ப்ரே ரகம், துவைக்கும் நீரில் கலக்கும் ரகம் என்று இரண்டு உண்டு. உள்ளே லைனிங் இருக்கும் ஜாக்கெட்டுக்கு ஸ்ப்ரேதான் சரி. கலக்கும் ரகத்தில் லைனிங்கும் நீர் விலக்கியாகி வியர்வையை உறிஞ்சாமல் போய்விடும். ஜாக்கெட்டை மறுபடி நனைத்து, அந்த ஈரத்தோடேயே 15 செ.மீ. தள்ளிப் பிடித்துச் சீராக அடித்து, 2 நிமிடம் கழித்து மிஞ்சி நிற்கும் திரவத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். எடுக்காவிட்டால் வெள்ளைத் திட்டுகளாகக் காயும். தோளுக்கும் முன்கைக்கும் இரண்டாவது சுற்று அடியுங்கள்.

தையலும் கிழிசலும்

பட்டையின் ஓரம் மட்டும் தூக்கியிருந்தால் துணி விரித்து, குறைந்த சூட்டில் சில நொடி அழுத்தி, ஆறும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். பல சமயம் அதே பசை மறுபடி பிடித்துக்கொள்ளும். பிடிக்காத இடத்துக்கு யூரித்தேன் பசை: ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, தையலின் மேல் மெல்லிய கோடாக இழுத்து ஒரு முழு இரவு விட்டுவிடுங்கள். சிலிகான் பூசிய நைலான் போஞ்சோக்களில் (தலைவழியே மாட்டும் தளர்வான மழைப் போர்வைகளில்) யூரித்தேன் ஒட்டாது, அவற்றுக்குச் சிலிகான் பசைதான்.

உட்பூச்சு பிசுபிசுத்துப் பொடியாக உதிர்ந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. பாலியூரித்தேன் பூச்சு ஈரமும் சூடும் சேர்ந்தால் வேதியியலாகவே சிதைகிறது. ஈரத்தோடு பாலித்தீன் பைக்குள் சுருட்டிக் கார் டிக்கியில் போட்டுவைத்த ஜாக்கெட்டுக்கு இந்தக் கதிதான் வரும்.

மெழுகு ஜாக்கெட்

பிரிட்டனின் தூண்டில்காரர்களும் வயல்வெளி வேட்டைக்காரர்களும் இன்றும் விரும்புவது மெழுகு ஏற்றிய பருத்தி ஜாக்கெட். சவுத் ஷீல்ட்ஸ் துறைமுக ஊரில் 1894-இல் தொடங்கிய பார்பர் நிறுவனம் இதற்குப் பேர்போனது. முள் கிழிக்காது, நடக்கும்போது சரசரக்காது. ஆனால் துவைக்கும் முறை மேலே சொன்னதற்கு நேர் எதிர்: சோப்பு, சூடான நீர், வாஷிங் மெஷின், டிரை கிளீனிங் நான்குமே மெழுகை எடுத்துவிடும். காய்ந்த சேற்றைத் தட்டிவிட்டு, குளிர்ந்த நீரில் நனைத்த ஸ்பாஞ்சால் துடைப்பதோடு சரி.

ஆண்டுக்கு ஒருமுறை மெழுகேற்ற வேண்டும். ஒரு ஜாக்கெட்டுக்கு 200 மில்லி டின் ஒன்று போதும். டின்னைத் திறந்து சூடான நீர்ப் பாத்திரத்தில் வைத்து மெழுகு நீர்போல இளகவிடுங்கள். நேரடித் தீயில் வைக்காதீர்கள். பழைய பருத்தித் துணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து ஏற்றுங்கள். தையல், முழங்கை, மடிப்பு ஆகியவை வெளிறியிருக்கும், அங்கே கூடுதலாக. கார்டுராய் துணியாலான கழுத்துப் பட்டியிலும் பைகளின் உட்புறத்திலும் படவே கூடாது. ஹேர் டிரையரால் சூடுகாட்டி, மிஞ்சியதைத் துடைத்து, மற்ற துணிகளில் உரசாமல் ஓர் இரவு தொங்கவிடுங்கள். நம் சமவெளி வெயிலுக்கு இந்த ஜாக்கெட் ஏற்றதல்ல. மெழுகு இளகி கார் சீட்டில் கறைபடியும், மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

நீரில் இறங்குபவர்களுக்கு

நீரில் நின்று தூண்டில் போட அணியும், மார்பு வரை வரும் நீர்புகாக் கால்சட்டையான வேடர்ஸில் ஊசித்துளைதான் பெரிய தொல்லை. மூச்சுவிடும் ரகமென்றால் உட்புறத்தை வெளியே திருப்பி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை ஸ்ப்ரே செய்யுங்கள். துளை இருக்கும் இடம் கரும்புள்ளியாகத் தெரியும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பும் நெருப்பும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். நியோபிரீன் ரகத்துக்கு இது உதவாது, இருட்டறையில் உள்ளே டார்ச் விட்டு வெளிச்சம் கசியும் இடத்தைத் தேடுங்கள். காய்ந்த பிறகு யூரித்தேன் பசையை ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குத் தடவி இரவு முழுக்க விடுங்கள். இடுப்பு பெல்ட்டை இறுக்கக் கட்டாமல் ஓடும் நீரில் இறங்காதீர்கள். வழுக்கி விழுந்தால் உள்ளே நீர் புகும் வேகத்தைக் குறைப்பது அந்த பெல்ட்தான்.

இதை எல்லாம் செய்தும் சென்னை, நாகப்பட்டினம் கரையில் ஐப்பசி மழையில் ஜாக்கெட்டுக்குள் புழுங்கினால் அது ஜாக்கெட்டின் குற்றம் இல்லை. நீராவி ஈரம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத்தான் போகும். வெளியே 27 டிகிரியில் காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும்போது அது எங்கே போகும்? அங்கே தளர்வான போஞ்சோ, சீக்கிரம் காயும் நைலான் சட்டை, நீர் புகாத பையில் மாற்றுத் துணி ஆகியவைதான் புத்திசாலித்தனம். படகில் போஞ்சோ வேண்டாம். காற்று அதைத் தூக்கும், விழுந்தால் கையைச் சுற்றும். அடர் மஞ்சளோ ஆரஞ்சோ நிறத்தில் ஜாக்கெட் போட்டு, அதன் மேல் லைஃப் ஜாக்கெட் கட்டுங்கள். மலையில் இதற்கு நேர்மாறு: உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சும். மெல்லிய கம்பளியோ பாலியெஸ்டரோ போட்டு, அதன் மேல் ஃபிளீஸ் (பஞ்சுபோன்ற பாலியெஸ்டர் கதகதப்பு உடை), அதற்கு மேல் ஜாக்கெட்.

கடலிலிருந்து வந்த நாளன்றே ஜிப்புகளை நல்ல நீரில் அலசுங்கள், உப்புப் பூத்தால் பல் இறுகிவிடும். டீட் கலந்த கொசு விரட்டியைத் தோலில் தடவிக் காய்ந்த பிறகே ஜாக்கெட் போடுங்கள், அது பிளாஸ்டிக்கையும் பூச்சையும் கரைக்கக் கூடியது. வீட்டில் ஹேங்கரில், காற்றோட்டமாக, வெயில் படாமல் தொங்கவிடுங்கள். சுருட்டி அதன் பைக்குள் திணிப்பது பயணத்தின்போது மட்டும்.