பைக்குக்கு சிந்தெடிக் ஆயில் வாங்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

உதிரிபாகக் கடையில் இன்ஜின் ஆயில் கேட்டால், கடைக்காரரிடமிருந்து வரும் முதல் கேள்வி, "மினரலா, சிந்தெடிக்கா?" என்பதுதான். அது கேட்க வேண்டிய கேள்வியே. ஆனால் மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. அந்த ஆயில் உங்கள் வண்டியின் கிளட்ச்சுக்கு ஒத்துவருமா என்பது முதலாவது. அதன் பாகுத்தன்மை, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பது, வண்டிக்குப் பொருந்துமா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகுதான் சிந்தெடிக்குக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

காரில் இன்ஜினுக்கு ஓர் ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறோர் ஆயில். நம் சாலைகளில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் அப்படியில்லை. பிஸ்டனைக் குளிர்விப்பதும், கியர்களுக்கு இடையே நசுங்குவதும், கிளட்ச் தட்டுகளை நனைத்துக்கொண்டிருப்பதும் ஒரே ஆயில்தான். எரிபொருள் சிக்கனத்துக்காகக் கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கலக்கப்படுகின்றன. கிளட்ச்சோ உராய்வை நம்பியே வேலை செய்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், காருக்கு மாற்றியது போக மீந்திருந்த 5டபிள்யூ-30 (இந்த எண்களின் பொருளைப் பின்னர் பார்ப்போம்) சிந்தெடிக் ஆயிலை வீணாக்க மனமின்றி என் 150 சிசி பைக்கில் ஊற்றினேன். ஊருக்குள் ஓட்டியவரை ஒரு குறையும் தெரியவில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட ஏறியிருக்க மாட்டேன். ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க இன்ஜின் இரைந்ததே தவிர வண்டி இழுக்கவில்லை, கூடவே லேசான கருகல் வாடையும் வந்தது. பிழை ஆயிலுடையதன்று, என்னுடையது. புதிய கிளட்ச் தட்டுகளுக்குக் கொடுத்த பணத்தில் நல்ல பைக் ஆயில் சில டப்பாக்கள் வாங்கியிருக்கலாம்.

இந்தச் சிக்கலுக்காகவே ஜப்பானிய வாகனத் தர அமைப்பான ஜாசோ, 1998-இல் நான்கு ஸ்ட்ரோக் பைக் ஆயில்களுக்கென்று தனித் தரநிலை ஒன்றைக் கொண்டுவந்தது. கிளட்ச் உராய்வு போதுமான அளவில் இருக்கும் ஆயில் எம்.ஏ.; உராய்வு குறைந்தது எம்.பி. பின்னர் எம்.ஏ. வகை எம்.ஏ.1, எம்.ஏ.2 என இரண்டாகப் பிரிக்கப்பட்டது, எம்.ஏ.2 கூடுதல் பிடிப்பு தருவது. கியர் பைக்குக்கு எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறியீடு டப்பாவில் கட்டாயம் இருக்க வேண்டும். கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு எம்.பி. போதும், ஹோண்டா ஆக்டிவாவுக்குப் பரிந்துரைக்கப்படுவது 10டபிள்யூ-30 எம்.பி. ஆயில்தான். வீட்டில் பைக்கும் ஸ்கூட்டரும் இருந்தால், ஸ்கூட்டரில் மீந்ததைப் பைக்கில் ஊற்றும் ஆசை வரும், அதை அடக்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏ.பி.ஐ.யின் குறியீடும் அதே பக்கத்தில் இருக்கும். எஸ்.எல்., எஸ்.எம்., 2010-இல் வந்த எஸ்.என்., 2020-இல் வந்த எஸ்.பி. என்று எழுத்து முன்னேற முன்னேறத் தரம் புதியதாகிறது. கையேட்டில் சொன்ன எழுத்தோ அதற்குப் பிந்தையதோ இருந்தால் போதும். ஆனால் அது கார்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட தரம். கிளட்ச்சைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஏ.பி.ஐ.யின் வட்ட முத்திரையின் கீழ்ப்பகுதியில், எரிபொருள் சிக்கனத்துக்கான ஆயில் என்பதைக் குறிக்கும் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்ற சொல் இருந்தால், அந்த டப்பாவைக் கியர் பைக்குக்கு எடுக்காமல் திரும்ப வைத்துவிடுவது நல்லது.

அடுத்தது பாகுத்தன்மை. 10டபிள்யூ-40 என்பதில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கிறது. 10டபிள்யூ ஆயிலின் குளிர்நிலைப் பாகுத்தன்மை மைனஸ் 25 டிகிரியில் சோதிக்கப்படுகிறது. மதுரையில் வண்டி ஓட்டுபவருக்கு அந்தக் கணக்கு நேரடியாகத் தேவைப்படாது. சூடேறிய இன்ஜினுக்கு முக்கியமானது பின்னால் வரும் எண். 100 டிகிரி வெப்பத்தில் 30 எண் ஆயிலின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) வரையிலும், 40 எண் ஆயிலுடையது 12.5 முதல் 16.3 வரையிலும், 50 எண் ஆயிலுடையது 16.3 முதல் 21.9 வரையிலும் இருக்க வேண்டும் என்பது விதி. மினரலோ சிந்தெடிக்கோ, விதி ஒன்றே. ஆகவே "சிந்தெடிக் ஆயில் தண்ணி மாதிரி, நம்ம வெயிலுக்குத் தாங்காது" என்ற பேச்சில் பொருளில்லை. ஒரே எண் கொண்ட இரண்டு ஆயில்களும் சூட்டில் ஒரே வரம்புக்குள்தான் நிற்கும்; நாள்பட நாள்பட எது அந்த வரம்பிலேயே நீடிக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

வெயிலைக் காரணம் காட்டி, 10டபிள்யூ-30 கேட்கும் ஸ்ப்ளெண்டரில் 20டபிள்யூ-50 ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். சத்தம் குறைந்தது போல இருக்கும், உண்மைதான். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிலிண்டர் தலைக்கு ஆயில் ஏறத் தாமதமாகும். மைலேஜும் சற்றுக் குறையும். யமஹா ஆர்15-க்கு 10டபிள்யூ-40, ராயல் என்ஃபீல்டு 350-க்கும் கே.டி.எம். 390 டியூக்குக்கும் 15டபிள்யூ-50 என்று கையேடுகள் சொல்வதற்குக் காரணம், அந்த இன்ஜின்களின் ஆயில் பம்பும் பாகங்களுக்கு இடையிலான இடைவெளிகளும் அந்த அளவுக்கேற்ப அமைக்கப்பட்டிருப்பதே.

இனி சிந்தெடிக். சேர்மானங்கள் கலக்கும் முன் உள்ள அடிப்படை எண்ணெய்களை ஏ.பி.ஐ. ஐந்து பிரிவுகளாக வகுக்கிறது. முதல் இரண்டும் மினரல், மூன்றாவது, கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்து எடுப்பது, நான்காவது, ஆலையில் வேதிமுறையில் உருவாக்கப்படும் பாலிஆல்ஃபாஓலிஃபின், அதேபோல் உருவாக்கப்படும் எஸ்டர்கள் ஐந்தாவதில் அடங்கும். மூன்றாம் பிரிவையும் சிந்தெடிக் என்று விற்கலாமா என்பதில் ஆயில் நிறுவனங்களான காஸ்ட்ராலுக்கும் மொபிலுக்கும் அமெரிக்காவில் எழுந்த விளம்பரத் தகராறில், 1999-இல் விற்கலாம் என்றே முடிவானது. ஆக, 'ஃபுல்லி சிந்தெடிக்' என்ற சொல் மட்டும் உள்ளே எந்தப் பிரிவு இருக்கிறது என்பதைச் சொல்லிவிடாது. நன்றாகச் சுத்திகரித்த மூன்றாம் பிரிவு ஆயிலே அன்றாடப் பயன்பாட்டுக்குத் தாராளம் என்பதால், எஸ்டர் என்ற சொல்லுக்காக இருமடங்கு விலை கொடுக்க நான் தயங்குவேன்.

யாருக்குச் சிந்தெடிக் தேவை? உயர் சுழற்சியில் ஓடும் இன்ஜினுக்கும், மே மாத நெரிசலில் காற்றோட்டமின்றி நின்று கொதிக்கும் ஏர் கூல்டு வண்டிக்கும், நாள் முழுவதும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கும் பயனுண்டு. சிந்தெடிக் சூட்டில் எளிதில் ஆக்ஸிஜனேற்றமடைந்து கெட்டியாவதில்லை, ஆவியாகிக் குறைவதும் குறைவு. தினமும் பத்து கிலோமீட்டர் அலுவலகம் போய்வரும் 100 சிசி வண்டிக்கு, நல்ல மினரல் ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவதே போதும். கையேடே சிந்தெடிக் என்று சொல்லியிருந்தால் மட்டும் அதில் விலை பார்க்கக் கூடாது. புதிய வண்டியாக இருந்தால், முதல் சர்வீஸ் முடியும்வரை நிறுவனம் நிரப்பிக் கொடுத்த ஆயிலிலேயே ஓட விடுங்கள்.

சிந்தெடிக் ஊற்றியாயிற்று என்று மாற்றும் காலத்தை இஷ்டப்படி நீட்ட வேண்டாம். ஆயில் சூட்டைத் தாங்கினாலும், அதன் பாகுத்தன்மையைக் காக்கச் சேர்க்கப்படும் பாலிமர்கள் என்ற நீண்ட மூலக்கூறுகளைக் கியர்ப் பற்கள் நறுக்கிக்கொண்டேதான் இருக்கின்றன. நிறம் கறுப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கரியைத் தன்னுள் பிடித்துவைத்திருக்கும் ஆயில் கறுக்கத்தான் செய்யும். நியூட்ரல் விழ மறுப்பதும், கியர் மாற்றும்போது முன்பில்லாத 'டக்' சத்தம் கேட்பதும் அதைவிட நம்பகமான அறிகுறிகள்.

மாற்றும்போது அருகில் நில்லுங்கள். டப்பாவின் சீல் உங்கள் கண்ணெதிரில் உடைய வேண்டும். டிரெயின் போல்ட்டின் வாஷர் நசுங்கியிருந்தால் புதியது போடச் சொல்லுங்கள். ஃபில்டரையும் கையேட்டில் சொன்னபடி மாற்றுங்கள். பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினைச் சில நிமிடம் ஓட விட்டு அணைத்து, ஆயில் கீழே இறங்கக் காத்திருந்து அளவு பாருங்கள். டிப்ஸ்டிக் உள்ள வண்டிகள் பலவற்றில் அதைத் திருகாமல் உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதலே. பழைய ஆயில் 2016 விதிகளின்படி அபாயகரக் கழிவு. அதைச் சாக்கடையில் கொட்டாமல், கழிவு ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். காலி டப்பாவை மட்டும் அங்கே விட்டுவராமல், லேபிளைக் கிழித்து, அடியில் ஓர் ஆணியால் ஓட்டை போட்டுவிடுங்கள். போலி ஆயில் நிரப்புபவர்கள் தேடுவது அந்த டப்பாவைத்தான்.