முதலில் கரையில் உட்காருங்கள்: ஆறு, ஊற்று, கடற்கரை பார்க்கத் தொடங்குவோருக்கு

தண்ணீரைக் கண்டதும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிற கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தேன். இப்போதெல்லாம் முதல் கால் மணி நேரம் கரையில்தான். அந்த நேரத்தில் என்ன பார்க்க வேண்டும் என்பதே இந்த விளக்கம்.

படி 1: வரைபடம்

சமஉயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், உள்ள வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றைக் கடக்கும் இடத்தில் அந்தக் கோடுகள் ஆப்பு போல் வளையும். ஆப்பின் கூர்முனை ஆறு வரும் திசையைக் காட்டும். ஆற்றின்மேல் கோடுகள் நெருங்கி நெருங்கி வந்தால் அருவியோ பாறைகளுக்கிடையே பாயும் வேக ஓட்டமோ இருக்கும். விலகி நிற்கும் பகுதிதான் நமக்கு. மேற்புறம் அணை இருக்கிறதா என்றும் பாருங்கள். மதகு திறந்தால் வெயில் காயும் இடத்திலும் வெள்ளம் வரும்.

படி 2: ஆறு

கரையோரம் 10 மீட்டர் அளந்து, குச்சி ஒன்றை நடு ஓட்டத்தில் எறிந்து நொடிகளை எண்ணுங்கள். 10 நொடியில் கடந்தால் நொடிக்கு 1 மீட்டர். நிதான நடைதானே என்று தோன்றும். ஆனால் புதிதாக நீச்சல் பழகியவர் அதை எதிர்த்து முன்னேற முடியாது. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

வளைவில் வெளிக்கரைப் பக்கம் ஆழமும் வேகமும் அதிகம். உட்கரையில் மணல் திட்டு சேரும். இறங்குவதானால் உட்கரை. விழுந்து கிடக்கும் மரத்தை நெருங்காதீர்கள்: கிளைகளின் ஊடே தண்ணீர் போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார். நான் மிகவும் அஞ்சுவது தடுப்பணையின் அடியை. ஒரே சீராக நுரைத்து விழுவது கொள்ளை அழகு. கீழே சுழலும் நீரோ ஆளைத் திரும்பத் திரும்ப அணையின் பக்கமே இழுக்கும்.

ஆழத்தைக் கண் குறைத்தே காட்டும். நேர் மேலிருந்து பார்த்தால் 4 அடி 3 அடியாகத் தெரியும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறையும். இதைப் பள்ளியில் படித்து மதிப்பெண்ணும் வாங்கிய நான், முழங்காலளவு என்று இறங்கி இடுப்பு வரை நனைந்திருக்கிறேன். ஆகவே முதலில் கழி, பிறகு கால்.

தெளிந்த ஆறு திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினாலோ, பையைக்கூடத் தேடாமல் மேடேறுங்கள்.

படி 3: ஊற்று

மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், களிமண்ணோ இறுகிய பாறையோ தடுக்கும் இடத்தில் பக்கவாட்டில் நகர்ந்து வெளிவருகிறது. வறண்ட காலத்திலும் சரிவின் அடியில் ஒரு துண்டு மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே தேடுங்கள். பளிங்கு போன்ற ஊற்று நீரையும் கொதிக்க வைத்தே குடியுங்கள். வெந்நீர் ஊற்றில் தலையை முக்க வேண்டாம். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஓர் அமீபா மூக்கு வழியாக மூளையைத் தாக்கக்கூடியது. அரிதுதான், ஆனால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும்.

படி 4: கடற்கரை

எல்லா இடத்திலும் அலை உடைய, நடுவே ஓரிடம் மட்டும் அலையடங்கி, சற்றுக் கருத்துத் தெரிகிறதா? புதியவர்கள் தேடிப் போய் இறங்குவது அங்கேதான். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. அகப்பட்டால் கரையை நோக்கி நேராக நீந்திக் களைக்காதீர்கள். கரைக்கு இணையாக நீந்தி, அலை உடையும் பக்கம் வந்ததும் திரும்புங்கள். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

பாறைத் திட்டுகளுக்கு நடந்து போகிறீர்கள் என்றால் ஓத நேரம், அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் நேரம், பார்த்துப் போங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் மிகுதி. நீர் ஆறு மணி நேரம் ஏறும் கடற்கரைகளில், நடு இரண்டு மணி நேரத்திலேயே ஏறக்குறைய பாதி ஏறிவிடும்.

படி 5: துடுப்பு

கயாக் என்னும் ஒடுங்கிய சிறு துடுப்புப் படகில் முதல் நாள் ஏரி போதும். லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு அல்ல. இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து, வெளியே வரப் பழகுங்கள். கிளம்பும்போது காற்றை எதிர்த்துத் துடுப்புப் போடுங்கள். கை ஓய்ந்து திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளிக் கரை சேர்க்கும்.