ட்ரிம் பண்ணும்போது பூ பொடியாகுதா? நான் சரி பண்ணின விதம்

ஒன்டாரியோல லைசென்ஸ் உள்ள ஒரு மருத்துவ கஞ்சா பண்ணையில அறுவடைக்கு அப்புறம் ட்ரிம்மிங் (பூவச் சுத்தி இருக்குற இலைய கத்தரிக்கிறது), தரம் பிரிக்கிற வேலை பாக்குறேன். குளிர்காலம் வந்தாலே கத்தரி பட்டதும் பூ பொடிப்பொடியா உதிரும், மேல இருக்குற பிசின் துகளெல்லாம் தட்டுல கொட்டிடும், மருந்துச் சத்து பெரும்பாலும் அதுலதான் இருக்குங்கறதால பாக்கவே மனசு கேக்காது. எல்லாரும் கத்தரியத்தான் குறை சொன்னாங்க, ஆனா காரணம் காத்து, ஹீட்டர் ஓடி ஓடி காயவைக்கிற ரூமே வறண்டு கிடந்துச்சு. சூப்பர்வைசர்ட்ட பேசி ஹியூமிடிஃபையர் வச்சு ஈரப்பதத்த 60 சதவீதத்துக்கிட்டயும் வெப்பத்த 18 டிகிரிலயும் நிறுத்தினோம், மெதுவா காய ஆரம்பிச்சுது, வாட்டர் ஆக்டிவிட்டி (பூஞ்சை வளர உதவுற ஈரம் பூவுல எவ்வளவு இருக்குங்கற அளவு) 0.55லேருந்து 0.65க்குள்ள வந்த பிறகுதான் கத்தரிய எடுக்குறோம், பொடியுறது நின்னுபோச்சு. 0.65 தாண்டினா பூஞ்சை பயம், அதனால மீட்டர் பாக்காம விடவே கூடாது.

கத்தரியில ஒட்டுற பிசினுக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும், நல்லா காஞ்ச பிறகு பூவுல வைங்க.

தரம் பிரிக்கும்போது சைஸ விட பூஞ்சைதான் எனக்கு முக்கியம். பெரிய பூவ காம்புகிட்ட பிரிச்சு பாருங்க, உள்ள சாம்பலோ பழுப்போ தெரிஞ்சா அந்த இடத்த மட்டும் வெட்டிட்டு மிச்சத்த வைக்காதீங்க, முழுசா ஒதுக்கி எடை போட்டு எழுதிடுங்க, கீமோதெரபில இருக்குறவங்களும் இத வாங்குறாங்க, அவங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி. அந்தப் பூவத் தொட்ட கிளவுஸ மாத்தினப்புறம்தான் நான் அடுத்த தட்டுக்குப் போவேன்.