ஒரு ஏ4 மட்டையில் அறுகோண அரியம்

அடிக்குச் சமாந்தரமாக எங்கே வெட்டினாலும் அதே அளவான பல்கோணி வந்தால்தான் அது அரியம். பனையோலைப் பெட்டிகள் சிலவற்றைப் பாருங்கள்: அடி சதுரம், வாய் வட்டம். அவை அரியமல்ல.

செய்து பார்க்க ஓர் ஏ4 மட்டை (29.7 × 21 சென்ரிமீற்றர்) போதும். கவராயம், அடிமட்டம், கம், மை முடிந்த குமிழ்முனைப் பேனாவும் வேண்டும்.

நீளவாட்டில் 12 செ.மீ. அகலத் துண்டொன்றை வெட்டுங்கள். மேலும் கீழும் 1 செ.மீ. ஒட்டுவிளிம்பு, நடுவில் 10 செ.மீ. உயரம். அதை 4.5 செ.மீ. வீதம் ஆறாகப் பிரித்து, கடைசியில் 1.2 செ.மீ. ஒட்டுவதற்கு விடுங்கள். மொத்தம் 28.2. பக்கத்தை 5 என்று வைத்தால் ஆறு பக்கத்துக்கே 30 வேண்டும், மட்டை காணாது.

மிச்சம் 9 செ.மீ. அகலம். அதில் அடிக்கும் மூடிக்குமாக 4.5 செ.மீ. ஆரையில் இரண்டு வட்டங்கள். கவராயத்தை விரித்தபடியே பரிதியில் ஆறு தடவை குறியுங்கள். அடுத்தடுத்த குறிகளை இணைத்தால் அறுகோணம்; மையத்தோடும் இணைத்தால் ஆறும் சமபக்க முக்கோணிகள், அதனால்தான் ஆறாவது குறி தொடங்கிய புள்ளியிலேயே விழுகிறது. விழாவிட்டால் கவராயத்தின் திருகு தளர்ந்திருக்கும். ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீற்றர் பிசகினாலும் கடைசியில் 3 மில்லிமீற்றர்.

மடிப்புக்கோடுகளைப் பேனாவால் அழுத்திக் கீறி, கீறிய பக்கம் வெளியே இருக்கும்படி மடியுங்கள். கீறாமல் மடித்தால் மட்டை வெடித்து விளிம்பு கோணும். ஒட்டுவிளிம்புகளின் இரு முனைகளையும் 45 பாகையில் சரிவாக வெட்டிவிடுங்கள். அறுகோணத்தின் அகக்கோணம் 120 பாகை என்பதால், வெட்டாத விளிம்புகள் உள்ளே ஒன்றின்மேல் ஒன்று ஏறும்; மூடி படியாது.

முதலில் பக்கத்தை ஒட்டி, காய்ந்தபின் அடியை ஒட்டுங்கள். மூடியையும் வைத்து எண்ணினால் முகம் 8, உச்சி 12, விளிம்பு 18. ஒயிலர் தொடர்பு (முகம் + உச்சி = விளிம்பு + 2) சரிவருகிறது: 8 + 12 = 18 + 2.

அறுகோணத்தின் பரப்பு ஏறத்தாழ 52.6 சதுர செ.மீ. பக்கங்கள் 27 × 10 = 270; முழு மேற்பரப்புக்கு இரண்டு மூடியையும் கூட்டினால் 375 அளவில் வரும். பிள்ளைகள் அதிகம் புள்ளி இழப்பது இந்த இரண்டாவது மூடியை மறந்துதான்.

கனவளவு 526 கன செ.மீ. மேல்மூடியை ஒட்ட முன் அரை லீற்றர் அரிசி கொட்டிப் பாருங்கள். வாய்க்கு அரை செ.மீ. கீழே நிற்கவேண்டும். இன்னும் இறங்கி நின்றால் பக்கங்கள் வெளியே புடைத்திருக்கின்றன.